முட்டை ஓட்டு மணல்

எங்கள் கப்பலுக்குப் பெயர் 'பொறுமை'. பெயர் வைத்த புண்ணியவான் எங்கள் ஊர் சான் மாலோ துறையில் காலை நீட்டி உட்கார்ந்து ஆப்பிள் மது குடித்துக்கொண்டிருந்தான். பொறுமையாக இருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். ஏறும்போது எண்பத்து மூன்று பேர். நடுக்கடலில் என் மகள் பிறந்ததும் எண்பத்து நான்கு ஆனோம். அதற்குப் பிறகு எண்ணிக்கை கீழேதான் போயிற்று.

நான் கொரெந்தின். இருபது வருஷமாகக் கடல்தான் பிழைப்பு. அந்தத் தடவை மாலுமி வேலையோடு இன்னொரு ஆசையும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் கெபெக்கில் காட்டை வெட்டித் திருத்துகிறவனுக்கே நிலம் என்று கேள்விப்பட்டு, மனைவி கத்தெலையும் கூட்டிக்கொண்டு ஏறினேன். அவளுக்கு அப்போது எட்டு மாசம். "பிள்ளை பொறக்கட்டும், அடுத்த வருஷம் போவோம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் எங்கே கேட்டேன்!

கடலில் எவ்வளவு தூரம் வந்தோம் என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அலைமேல் மைல்கல்லா நட்டு வைத்திருக்கிறார்கள்? முடிச்சுகள் போட்ட நீளக் கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிப் பின்னால் எறிவோம். கட்டை விழுந்த இடத்திலேயே மிதக்கும், கப்பல் முன்னே போகும், கயிறு ஓடும். எறிந்த கையோடு ஒரு சின்ன மணல்குப்பியைக் கவிழ்ப்போம். மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையை விட்டு ஓடியதோ அதுதான் வேகம். வேகத்தை வைத்துத் தூரம், தூரத்தை வைத்து ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேப்டன் ருயெலான் முடிவு செய்வார்.

அந்தக் குப்பி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரே வழிதான். மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே வாழ்க' சொல்லி முடிக்கும்போது மணலும் முடிய வேண்டும். எங்கள் கப்பலில் அதைச் சொல்கிறவன் தூசான். என்னோடு ஒரே காவலில் நிற்பவன், வாயாடி. அவன் ஜெபம் சொல்கிற வேகத்தில் மாதாவுக்கே மூச்சு வாங்கும். ஆனால் வருஷக்கணக்கில் ஒரே வேகம். குப்பிக்கு அவன் வாய்தான் அளவு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். புறப்பட்ட அன்றே ருயெலான் எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்: "என் கருவியில எவனாவது கை வச்சான்னு தெரிஞ்சுது, கயித்துல கட்டிக் கப்பலுக்கு அடியால இழுத்துருவேன். பொழைச்சா உன் அதிர்ஷ்டம்." விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர்.

முப்பதாவது நாள் காலையில் நான் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்தளத்தில் நின்றேன். கீழிருந்து தூசான் கத்திக்கொண்டே ஓடி வந்தான்.

"டேய் கொரெந்தின்! உன் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சுடா!"

சட்டென்று திரும்பினேன். குப்பி நழுவித் தளத்தில் விழுந்தது. கண்ணாடி உடையவில்லை, இரண்டு குடுவைகளையும் இணைத்திருந்த கழுத்துக் கட்டு பிரிந்து, மணல் முழுக்க ஈரப் பலகையில் கொட்டிவிட்டது. மாற்றுக் குப்பி முதல் புயலிலேயே தூள்தூளாகியிருந்தது. கப்பலில் இருந்தது இது ஒன்றுதான். கேப்டன் பல்வலியில் கன்னம் வீங்கி அறையிலேயே கிடந்ததால் பார்த்தவன் தூசான் மட்டும்.

"மூச்சு விட மாட்டேன், போ" என்றான். "சரி பண்ணிக் கொண்டா."

சமையல்காரனிடம் கேப்டனின் கோழி முட்டை ஓடுகள் இருந்தன. கரையில் மணல்குப்பிக்காரர்களும் முட்டை ஓட்டைத்தான் அரைக்கிறார்கள், பார்த்திருக்கிறேன். வறுத்து, இடித்து, கத்தெலின் தலைத்துணியில் சலித்து, கீழ்த்தட்டில் அவள் படுக்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து குப்பியை நிரப்பினேன். கத்தெல் கத்திக்கொண்டிருந்தாள். பெர்ரின் அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பெர்ரின் எங்களைப் போல நிலம் தேடி வந்தவள். இடுப்பில் எட்டு மாசத்து ஆண் பிள்ளை. கணவன் முந்தின வருஷமே கெபெக் போய்க் குடிசை போட்டுக் காத்திருந்தான்.

மணலைப் போடுவேன், குடுவைகளைச் சேர்த்துப் பிடிப்பேன், கவிழ்ப்பேன், மூன்று ஜெபம் சொல்வேன். மணல் முந்தினால் இன்னும் ஒரு சிட்டிகை. மறுபடி கவிழ்ப்பேன், மறுபடி ஜெபம். கடைசியில் இரண்டும் ஒன்றாக முடிந்தன. நூல் சுற்றி மெழுகு வைத்து இறுக்கினேன். அதே நேரத்தில் குழந்தை அழுதது. பெண் குழந்தை. அன்னாயிக் என்று பெயர் வைத்தோம். எனக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை தூசான் வழக்கம்போல ஜெபம் சொல்லிக் குப்பியைச் சரிபார்த்தான். முடித்துவிட்டு என்னைப் பார்த்து இளித்தான்.

"என்னடா இது, நான் மூணும் முடிச்சிட்டேன், இது இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கு? நீ செஞ்ச குப்பி உன்னை மாதிரியே சோம்பேறி."

"உன் வாய்தான் வரவர வெறி புடிச்சு ஓடுது. பொத்திக்கிட்டுப் போ" என்றேன்.

அவன் சிரித்தான், நானும் சிரித்தேன். கேப்டன் காதில் விழுந்தால் குப்பி உடைந்த கதை வெளியே வரும். அந்தப் பயத்தில், சரி விடு, ஒரு சிட்டிகை மணலில் என்ன குடிமுழுகிப் போகிறது என்று விட்டுவிட்டேன். அட மடையா, அட மடையா என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு மூடுபனி. சூரியனையே பார்க்கவில்லை. சூரியன் இருந்தால் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்றாவது தெரியும். இப்போது கயிறும் குப்பியும் சொல்வதுதான் எல்லாம்.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் கேப்டன் வீங்கிய கன்னத்தோடு தளத்துக்கு வந்து அறிவித்தார். கணக்குப்படி இரண்டு நாளில் பெருந்திட்டு. கடலடியிலேயே மேடாகக் கிடக்கும் அந்தத் திட்டின் மேல், மே மாதம் பிறந்தால் எங்கள் ஊர் மீன்பிடிக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் நிற்கும். தண்ணீர், மது, மீன் எல்லாம் கிடைக்கும். பாதியாக வெட்டியிருந்த தண்ணீர் பங்கை அன்றே முழுசாக்கினார்.

அடேயப்பா, அன்றைய ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும்! முதல் தடவை திட்டைக் கடப்பவர்களுக்குக் கடல் தண்ணீரில் ஞானஸ்நானம் செய்வது எங்கள் வழக்கம். மாலுமிகள் வாளிகளை வரிசையாக அடுக்கினார்கள். தூசான் பஞ்சில் தாடி செய்து வைத்துக்கொண்டு, "எந்தத் தொப்பையை முதல்ல நனைக்கணும்?" என்று சுற்றி வந்தான். கத்தெல் மூன்று கிண்ணம் தண்ணீர் குடித்தாள். மாலையில் பால் பொங்கி வந்தது. "பாரேன், மூக்கு வழியா வழியுது இவளுக்கு" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாள் ஆகியிருந்தது.

இரண்டாம் நாள் ஆழம் பார்க்க ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். திட்டு இருந்தால் நாற்பது பாகத்தில், அதாவது நாற்பது ஆள் கைவிரித்த நீளத்தில், தரை தட்டும். நூறு பாகம் கயிறு போயிற்று, தட்டவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வாளிகளை எடுத்து ஓரமாகக் கவிழ்த்து வைத்தார்கள். தண்ணீர் பீப்பாய் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிண்ணம் என்றார் கேப்டன். பீப்பாய்க்குக் காவல் போட்டார்.

என் முறை வந்த அன்று பெர்ரின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல். உதடு வெடித்து, பாலைக்கூட வாயில் வாங்க மாட்டேன் என்றான்.

"அண்ணே, ஒரு மடக்கு குடுண்ணே. வாயை நனைக்கத்தான். இன்னைக்கு எம் பங்கைக் காலையிலயே இவனுக்குக் குடுத்துட்டேன்."

"கேப்டன் தோலை உரிச்சுருவாரும்மா. நாளைக்கு உன் பங்கு வரும், அதுல குடு."

"நாளைக்கா..." என்று என்னைப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். மறுநாள் காலை பிள்ளையைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கினோம். எண்ணி ஐந்தாவது சாவு.

அன்று மத்தியானம் கேப்டன் எல்லோரையும் கூப்பிட்டார். "கணக்குப்படி திட்டை எப்பவோ தொட்டிருக்கணும். அடி தட்டலை. அப்படின்னா தெற்கால நழுவித் திட்டை விட்டுட்டோம். காத்து திரும்பினதும் வடக்கே திருப்பறோம்."

வடக்கே அந்த மாதத்தில் என்ன இருக்கும்? மிதக்கும் பனிமலை இருக்கும். மீன்பிடிக் கப்பல் ஒன்றுகூட இருக்காது. எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்கு அப்படிச் சொன்னால் யார் என்ன பேசுவது?

நான் கீழே போனேன். அன்னாயிக் அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினாள். கத்தெல் மார்பில் வைப்பாள், எடுப்பாள், மறுபடி வைப்பாள். அன்றைய கிண்ணம் தண்ணீர் குடிக்காமல் பக்கத்தில் இருந்தது. குழந்தை எழும்போது குடித்தால் அந்த நேரத்துக்காவது கொஞ்சம் பால் ஊறும் என்று வைத்திருந்தாள்.

"ஜெபம் சொல்லுய்யா" என்றாள். "இவ பொறந்த அன்னைக்குச் சொன்னியே, அப்படிச் சொல்லு. எவ்வளவு நிறுத்தி, எவ்வளவு மனசாரச் சொன்ன! நீ ஒண்ணு முடிக்கறதுக்குள்ள எனக்கு ரெண்டு வலி வந்து போச்சு. இந்த மனுஷனுக்கு இப்படியும் ஜெபம் சொல்ல வருமான்னு அந்த வலியிலயும் நெனச்சேன்."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

நிறுத்தி, மனசார. தூசான் நான்கு சொல்கிற நேரத்தில் நான் மூன்று சொல்லியிருக்கிறேன். அந்த மூன்றுக்குச் சரியாக மணலை அள்ளிப் போட்டிருக்கிறேன். குப்பி நீளமாக ஓடினால் கயிறு அதிகம் ஓடும். கயிறு அதிகம் ஓடினால் கப்பல் வேகமாகப் போவதாகக் கணக்கு வரும். நாங்கள் திட்டை எங்கேயும் விடவில்லை. திட்டுக்கு இன்னும் வந்தே சேரவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையாக ஜெபித்தேன், அதுவே ஒரு கப்பல் சனத்துக்கு எமனாக வந்தது.

கத்தெலிடம் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தூசான் கிண்டல் செய்ததையும், நான் அவன் வாயை அடைத்ததையும் சொன்னேன். ஓங்கி என் கன்னத்தில் அறைந்தாள்.

"அந்தச் சனிக்கிழமையே சொல்லியிருந்தா பெர்ரின் புள்ளை இருந்திருப்பான். போ. போய்ச் சொல்லு."

"கப்பலுக்கு அடியால இழுப்பாரு கத்தெல். நான் செத்துட்டா நீங்க ரெண்டு பேரும் அந்தக் காட்டுல தனியா..."

"எந்தக் காடு? வடக்கே போனா எவன் காட்டைப் பார்க்கப் போறான்? உசுரோட இருந்து எங்களைக் கடல்ல போடறதுக்கா நீ வேணும்? எந்திரி!"

தளத்தில் பாதி சனம் நின்றது. சுக்கான் பக்கத்தில் நின்ற கேப்டன் முன்னால் போய் முட்டி போட்டேன். குப்பி விழுந்தது, முட்டை ஓடு, ஜெபம், எல்லாவற்றையும் கொட்டினேன். யாரோ காறித் துப்பினார்கள். துப்ப எச்சில்கூட வரவில்லை. கேப்டன் குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

"பனிமலைக்குப் பயந்து கதை கட்டறியா?"

"இல்லய்யா. குப்பியைப் பாருங்க. தூசானைச் சொல்லச் சொல்லுங்க."

தூசான் வந்தான். கேப்டன் குப்பியைக் கவிழ்த்தார். தூசான் ஆரம்பித்தான். எல்லோரும் மணலையே பார்த்தார்கள். மூன்றாவது ஜெபத்தின் 'ஆமென்' வந்தபோது கடைசி மணலும் இறங்கியது. இரண்டும் ஒன்றாக, அச்சாக முடிந்தன.

கேப்டன் குப்பியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "சரியாத்தானடா ஓடுது? இவனைக் கட்டுங்க."

இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கினார்கள். அப்போதுதான் தூசானின் வாயைப் பார்த்தேன். நாக்கு வீங்கி, உதடு பல்லில் ஒட்டி, ஒவ்வொரு வார்த்தைக்கும் திணறித்தான் ஜெபத்தைச் சொல்லி முடித்திருந்தான்.

"ஐயா! அவன் நாக்கைப் பாருங்கய்யா! வறண்டு போய் வார்த்தை ஒட்டுது. இதுவா தூசான் ஜெபம் சொல்ற வேகம்? மாதா மேல ஆணை, அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துச் சொல்லச் சொல்லுங்க!"

"பீப்பாயில இருந்து ஒரு சொட்டு எடுக்க விட மாட்டேன்" என்றார் கேப்டன். "நீ சொல்றது பொய்யா இருந்தா அதுக்கும் ஒரு உசுரு போகும்."

"பீப்பாய்த் தண்ணி வேண்டாம்."

கத்தெல் ஏணியில் ஏறி வந்திருந்தாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் அவளுடைய கிண்ணம். சிந்தாமல் நடந்து வந்து தூசானிடம் நீட்டினாள்.

தூசான் பின்னால் நகர்ந்தான். "வேணாம் தங்கச்சி. இது புள்ளைக்கு ஊற வேண்டிய பாலு. எனக்குத் தொண்டையில இறங்காது."

"இறங்கும். குடி அண்ணே. குடிச்சிட்டு உன் பழைய வாயால சொல்லு."

அவன் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு, வாயில் சுழற்றிச் சுழற்றி, கிண்ணம் முழுவதையும் குடித்தான். அந்த ஒவ்வொரு மடக்கும் அவன் தொண்டையில் இறங்கும்போது என் மகள் சாவதைப் போல இருந்தது எனக்கு. கேப்டன் குப்பியைக் கவிழ்த்தார். தூசான் பழைய தூசானாகப் பொரிந்து தள்ளினான். மூன்றாவது ஆமென் முடிந்தபோது மேல் குடுவையில் கால் பங்கு மணல் அப்படியே இருந்தது. அது இறங்கி முடிவதற்குள் அவன் நான்காவது ஜெபத்தையும் சொல்லி முடித்துவிட்டான்.

கேப்டன் குப்பியைக் கீழே வைத்தார். சுண்ணக்கட்டி எடுத்துப் பலகையில் எதையோ எழுதினார், அழித்தார், எழுதினார்.

"எழுபது காதம்" என்றார். குரல் எழும்பவில்லை. "இன்னும் எழுபது காதம் மேற்கே இருக்கு. மூணு நாள். சுக்கானைத் திருப்பாதீங்க." பிறகு என்னைப் பார்த்தார். "திட்டு வரட்டும். அப்புறம் உன்னைக் கவனிச்சுக்கறேன்."

கட்டை அவிழ்த்துவிட்டார்கள். யாரும் என் பக்கத்தில் நிற்கவில்லை.

அன்று சாயங்காலத்தோடு கத்தெலுக்குப் பால் நின்றது. மறுநாள் கிண்ணத்தைக் குடித்தும் ஊறவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்த ரொட்டியைத் துணியில் கட்டிக் குழந்தையின் வாயில் வைத்தோம், துப்பிவிட்டாள். மத்தியானம் வாய் திறப்பதும் நின்றது. கத்தெல் அழவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவும் இல்லை.

பெர்ரின் நான்கு பாய் தள்ளிச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிள்ளை போனதிலிருந்து அப்படித்தான். அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து காய்ந்து நனைந்து கெட்டியாகியிருந்தது. எனக்கும் தெரிந்தது, கத்தெலுக்கும் தெரிந்தது. கேட்க எந்த வாயைத் திறப்பது? போனேன், பாதி வழியில் திரும்பினேன். மறுபடி போய் அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

அவள் திரும்பாமலே பேசினாள். "நீ எதுக்கு வந்தேன்னு தெரியும்."

"பெர்ரின்..."

"உன் மூஞ்சியை எங்கிட்டக் காட்டாத. புள்ளையைக் குடு."

கத்தெல் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெர்ரின் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு குழந்தை விழுங்கும் சத்தம் கேட்டது. கத்தெல் வாயில் துணியை வைத்துக்கொண்டு விம்மினாள். நான் மேலே ஓடிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, ஈயக்குண்டை இறக்கியது நான்தான். நாற்பத்திரண்டு பாகத்தில் கயிறு தளர்ந்தது. தட்டியது! இழுத்து ஏற்றினேன். குண்டின் அடியில் பூசியிருந்த கொழுப்பில் மணலும் உடைந்த சிப்பியும் ஒட்டியிருந்தன. "தரை!" என்று கத்தினேன். குண்டை அப்படியே தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து எங்கள் ஊர் மீன்பிடிக் கப்பல் ஒன்றின் கொம்புச் சத்தம் வந்தது. பதிலுக்கு நாங்களும் ஊதினோம்.

எல்லோரும் தளத்தில் முட்டி போட்டார்கள். தூசான் ஜெபத்தை ஆரம்பித்தான். அவசரமே இல்லாமல், வார்த்தை வார்த்தையாகச் சொன்னான். சனம் அழுதுகொண்டே சேர்ந்து சொன்னது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று தொட்டு இன்றுவரை அந்த ஜெபத்தை என்னால் முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை. மறுநாள் கேப்டன் கட்டளைப்படி முதுகில் இருபது கசையடி கிடைத்தது. குறைவு என்றுதான் நினைத்தேன்.

அன்று அந்த ஜெபம் முடிந்ததும் பெர்ரின் குழந்தையோடு எழுந்தாள். அன்னாயிக் வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கத்தெலிடம் கொடுக்கப் போகும் வழியில் என் முன்னால் நின்றாள். பிள்ளை போன பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு மடக்குதானே கேட்டேன் அன்னைக்கு" என்றாள்.

அவள் நகர்ந்த பிறகு, குண்டில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டு, ஈரக் கயிற்றைச் சுருட்டி அதன் இடத்தில் வைத்தேன்.